செல்வப் பெருக்கமும் தொழிலாளர் நல்வாழ்வும்

ஒரு நாடு வளர்கின்றது என்று கூறுமிடத்து, வளர்வது யாது, அவ்வளர்ச்சி யாரைச் சென்றடைகின்றது என்னும் வினாக்கள் இரண்டும் உடனெழுதல் வேண்டும். முதல் வினாவுக்கு விடை கணக்கேட்டிலே கிடைக்கும். ஏற்றுமதி இவ்வளவு, இறக்குமதி இவ்வளவு, அரசிறை இவ்வளவு என்று அது நிரைநிரையாகக் காட்டும். இரண்டாம் வினாவுக்கு விடை அவ்வேட்டில் இல்லை. அது உழைப்பவன் வீட்டு அடுப்பிலும், அவன் பிள்ளையின் உடலிலும், அவன் மாலைப்பொழுதிலும் தேடிக் காணத்தக்கது. முதல் வினாவுக்கு விடை கண்டவளவிலே இரண்டாவதற்கும் விடை கண்டுவிட்டதாக எண்ணி அமைதல், கற்றார் பலரிடத்தும் காணப்படுவதொரு மயக்கமாம். அம்மயக்கத்தை ஆராய்ந்து தெளிதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் சொற்பொருளைத் தெளிவோம். செல்வப் பெருக்கமாவது, ஒரு நாட்டார் ஓராண்டில் ஆக்கிய பொருள்களுக்கும் ஆற்றிய பணிகளுக்கும் விலைகட்டிக் கூட்டிய தொகை, முன்னையாண்டின் தொகையினும் மிகுதல். நல்வாழ்வாவது, மனிதன் மனிதனாய் வாழ்தற்கு வேண்டுவன குறைவின்றி அமைதல். அவற்றை உடல்நலம், உறையுள், ஓய்வு, மதிப்பு என நான்காக வகுக்கலாம். இவற்றுள் ஒன்றேனும் மேற்கூறிய தொகையினுள் நேரே அடங்குவதன்று. அமெரிக்க நாட்டின் வருமானத்தைக் கணிக்கும் முறையை வகுத்துக்கொடுத்த சைமன் குஸ்நெட்ஸ் என்னும் பொருளியலறிஞரே, 1934ஆம் ஆண்டு அந்நாட்டுச் சட்டமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையில், இத்தொகையைக் கொண்டு மக்களின் நலத்தை அளந்துவிடல் இயலாதென்று எச்சரித்தார். அளவுகோலைச் செய்தவர் கூறிய எச்சரிக்கையை அதனைக் கையிலெடுத்தவர்கள் மறந்தனர். நம் திருவள்ளுவரோ நாட்டுக்கு அணியாவன ஐந்து என எண்ணியவிடத்துச் செல்வத்தை அவ்வைந்தனுள் ஒன்றாகவே வைத்தார். நோயின்மையை அதற்கு முன்னே வைத்தார். இம்முறைவைப்பு உற்று நோக்கற்பாலது.

இனி, செல்வம் பெருகுமாயின் நல்வாழ்வு தானே பின்தொடரும் என்பார் உளர். குளம் நிறைந்தால் வயல் விளையும் என்பது அவர் கூறும் உவமை. உவமை நன்றே. ஆயினும், குளம் நிறைந்தவளவில் வயல் விளைவதில்லை. இடையே வாய்க்கால் வேண்டும். மடை திறத்தல் வேண்டும். நீரை முறைவைத்துப் பாய்ச்சுவார் வேண்டும். இவையில்லாதவழிக் குளத்தின்கீழேயே பயிர் கருகும். இது வெறும் உவமையன்று. வரலாறு கண்ட உண்மையாம் என்பதை இரண்டு நாடுகளிலே காட்டுவாம்.

முதலாவது இங்கிலாந்து. யந்திரத் தொழில் தோன்றி வளர்ந்த முதலிடம் அத்தேசம். அதன் தலைநகர் போல விளங்கியது பருத்தி ஆலைகள் நிறைந்த மான்செஸ்டர். 1842ஆம் ஆண்டிலே எட்வின் சாட்விக் என்பவர் தொழிலாளரின் சுகாதார நிலையை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார். அதன்படி, ரட்லாந்து என்னும் நாட்டுப்புறத்திலே கூலிவேலை செய்யும் குடும்பத்தாரின் சராசரி இறப்பு வயது 38. மான்செஸ்டரிலே தொழிலாளர் குடும்பத்தாரின் சராசரி இறப்பு வயது 17. சிசுக்கள் பெருந்தொகையாய் மாண்டமையே இவ்விலக்கம் இத்துணைத் தாழ்ந்தமைக்குக் காரணம். கூலியோ நாட்டுப்புறத்தினும் மான்செஸ்டரிலே மிகுதி. மிகுந்த கூலி பெற்றவர் விரைந்து மாண்டனர். குறைந்த கூலி பெற்றவர் நெடிது வாழ்ந்தனர். என்னை காரணம்? கழிவுநீர் ஓடும் வழியும், தூய குடிநீரும், காற்றுப் புகும் வீடும் ஆலை முதலாளிகளின் விற்பனைப் பொருள்களல்ல. அவற்றைத் தனித்தொழிலாளி தன் கூலியைக் கொடுத்து வாங்கவும் இயலாது. அவை பின்னர் வந்தது சட்டத்தாலும் நகரசபைகளின் முயற்சியாலுமேயாம். பெண்களும் இளைஞரும் ஆலைகளில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்தின் மேல் உழைத்தலாகாது என்னும் சட்டம் 1847இலே நிறைவேறியதும் நெடுநாட் கிளர்ச்சியின் பயனாகவே. ஆலையின் இலாபம் தானே கனிந்து கொடுத்த பழமன்று.

இரண்டாவது நம் இலங்கை. இத்தீவு இவ்வாராய்ச்சிக்கு ஒப்பற்ற சான்றாயுள்ளது. என்னையெனின், செல்வம் மிகாதிருந்தும் வாழ்வு உயர்தல் கூடும் என்பதற்கும், செல்வம் மிக்கிருந்தும் அதனை ஆக்கியோர் வாழ்வு தாழ்ந்தேயிருத்தல் கூடும் என்பதற்கும் இவ்வொரு நாடே சான்று பகர்கின்றது.

முன்னதை முதலிற் காண்போம். 1934ஆம், 1935ஆம் ஆண்டுகளிலே மலேரியாச் சுரம் இத்தீவிற் பரவி ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொள்ளைகொண்டது. 1946இல் ஆயிரவருள் ஏறக்குறைய 20 பேர் ஓராண்டில் இறந்தனர். மறுவருடமே அத்தொகை 14 ஆகக் குறைந்தது. 1946இலே பிறந்த குழந்தையொன்று ஏறக்குறைய 42 ஆண்டு வாழும் என எதிர்பார்க்கப்பட்டது; 1953இலே பிறந்த குழந்தையோ 58 ஆண்டளவு வாழும் என எதிர்பார்க்கப்பட்டது. ஏழாண்டிலே பதினாறு ஆண்டு ஆயுள் கூடிற்று. இவ்வேழாண்டிலே நாடு இங்கிலாந்தையொத்த செல்வமடைந்து விட்டதா? இல்லை. நுளம்பை ஒழிக்கும் மருந்து வீடுதோறுந் தெளிக்கப்பட்டது. கிராமந்தோறும் வைத்தியசாலைகளும் மருத்துவ மாதரும் வந்தனர். 1942 முதல் அரிசி பங்கீட்டு முறையிலே கிடைத்தது. 1945 முதல் இலவசக் கல்வி ஏற்பட்டது. 1931இலே சர்வசன வாக்குரிமை கிடைத்தமையால் ஆள்வோர் ஏழையின் வாசலை நாடவேண்டியிருந்தமையும் ஒரு காரணமாம். குளம் சிறிதாயினும் வாய்க்கால் செவ்விதாயிருந்தது. பிற்காலத்தில் அமார்த்திய சென் முதலாய பொருளியலறிஞர் இலங்கையை எடுத்துக்காட்டாகக் கொண்டமைக்கு இதுவே காரணம்.

இனிப் பின்னதைக் காண்போம். மலைநாட்டிலே முதலிற் பயிராயிருந்தது கோப்பி. 1869இலே தோன்றிய இலைநோயால் அஃது அழிந்தொழிய, தேயிலை அதனிடத்தைப் பெற்றது. 1867இலே லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தொடங்கிய அப்பயிர், நூறாண்டு நிரம்புமுன், 1965இலே, இலங்கையை உலகிலேயே மிகுதியாகத் தேயிலை ஏற்றுமதி செய்யும் நாடாக்கிற்று. அக்காலத்தில் நாட்டின் ஏற்றுமதி வருவாயிற் பாதிக்கு மேற்பட்டது தேயிலையினின்றே வந்தது. முன்னே கூறிய வைத்தியசாலைகளும் பாடசாலைகளும் அரிசிப் பங்கீடும் நடைபெற்றது இவ்வருவாயினாலேயாம் என்பதை மறத்தலாகாது.

இச்செல்வத்தை ஆக்கினோர் யாவர்? தென்னிந்தியாவிலே பஞ்சத்தாலும் கடனாலும் வருந்திக் கங்காணிமார் வழியாக வந்த தமிழ்த் தொழிலாளர். தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டுவழியே நடந்துவந்தோருட் பலர் பேதியாலும் சுரத்தாலும் வழியிலேயே மாண்டனர். வந்துசேர்ந்தோர் கடனாளிகளாகவே வேலையில் அமர்ந்தனர். கடன் தீர்ந்தமைக்குத் துண்டு பெறாதவன் வேறு தோட்டத்தில் வேலை கொள்ளல் இயலாது. இத்துண்டு முறை 1921இலேதான் ஒழிந்தது. குறைந்தபட்சக் கூலி சட்டத்தால் வரையறுக்கப்பட்டது 1927இல். 1945இலே நாட்டுக்கு வந்த இலவசக் கல்வி தோட்டத்து எல்லையிலே நின்றுவிட்டது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் ஏற்றது 1970ஆம் ஆண்டுகளிலேயாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒத்த நாட்கூலி கிடைத்தது 1984இல். இவற்றுள் எதுவும் தேயிலை விலையேறியமையால் தானே வந்ததன்று. போராட்டத்தாலும் சட்டத்தாலுமே வந்தது.

நடுநிலை பிறழாமல் ஒன்று கூறல் வேண்டும். தொழிலாளருக்கு வைத்திய வசதி செய்துகொடுத்தல் தோட்டக்காரர் கடனெனப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே சட்டம் விதித்தது. அதனாலே சில காலங்களிலே சில தோட்டங்கள் அயற்கிராமங்களினும் இவ்வகையில் மேம்பட்டிருந்தன. இது தோட்டத்தை இகழ்வார் மறைத்தற்குரியதன்று. ஆயினும் எம் கூற்றையே வலியுறுத்துவது. சட்டம் மடை திறந்தவிடத்து நீர் பாய்ந்தது, திறவாதவிடத்துப் பாயவில்லை. பின்னர் 1973ஆம், 1974ஆம் ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, கிராமத்தானுக்கு ஒரு துண்டு நிலமேனும் இருந்தது. தோட்டத் தொழிலாளிக்குக் கூலியைத் தவிர வேறில்லை. தோட்டங்களிலே இறப்பு விகிதம் பெரிதும் ஏறிற்று.

மேலே வகுத்த நான்கினையும் கொண்டு இன்றைய நிலையை நோக்குவாம். கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி விடியுமுன் எழுந்து, ரொட்டி சுட்டு, கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பிரட்டுக் களத்திலே பெயர் கொடுத்து, கூடையை முதுகிலிட்டு மலைச்சரிவில் ஏறுகின்றாள். தோட்டந்தோறும் வேறுபடினும், 18 கிலோ அளவு கொழுந்து பறித்தாலே ஒரு நாட்பெயர் விழும், குறையின் அரைப்பெயரே. ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகும். எனவே அவள் ஒருநாட் பறித்தது நான்கு கிலோ தேயிலை. கோப்பையொன்றுக்கு 2 கிராம் எனக் கொள்ளின், 2,000 கோப்பைத் தேநீர். இரண்டாயிரம்பேர் இளைப்பாறுதற்கு ஏதுவாயின அவள் தான் இளைப்பாறும் பொழுது யாது? மாலையில் வீடு திரும்பியபின் நீர் சுமத்தலும் விறகு சேர்த்தலும் சமைத்தலும் அவளுக்கே உரியன. ஓய்வு என்னும் மூன்றாவது உறுப்பு அவள் வாழ்விலே ஏறக்குறைய இல்லை எனலாம்.

உறையுளை நோக்கின், வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலே கட்டப்பட்ட லயன்களிலே, பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பராக்களிலே, இன்றும் பல குடும்பங்கள் வாழ்கின்றன. அண்மைக்காலத்திலே ஏழு பேர்ச்சஸ் நிலத்தோடு தனிவீடுகள் கட்டப்பட்டு வருதல் நன்மையே; ஆயினும் வேண்டுவதை நோக்க அது சிறுதொகை. தனி விலாசம் இன்மையால் தனக்கு வந்த கடிதத்தைத் தோட்டக் காரியாலயத்தின் வழியாகவே பெறும் நிலைமை பல குடும்பங்களுக்கு உண்டு. ஐந்தாறு தலைமுறை வாழ்ந்த இடத்திலே, இது என் வீடு என்று சுட்டிக் காட்டுதற்கு ஓர் இலக்கமில்லாதவனை, வீடுடையான் எனக் கூறல் எங்ஙனம்?

மதிப்போ அதனினும் வருந்தத்தக்கது. சட்டங்களிலே அவர்களுக்கு வழங்கிய பெயரே கூலிகள் என்பது. வாங்கும் சம்பளத்தின் பெயர் வாங்குபவன் பெயராயிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் அவர்களிற் பெரும்பாலார் நாடற்றவராயினர். மறுவருடம் வாக்குரிமையும் இழந்தனர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சினோர் பங்கு 1974இலே தீர்க்கப்பட்டது. எஞ்சிய நாடற்றோர் குறையைத் தீர்க்கும் சட்டம் நிறைவேறியது 2003இலேயாம். ஏற்றுமதியிற் பாதிக்கு மேல் தந்தவன் அத்தேசத்தின் பிரஜையல்லன் என்று எழுதியதொரு காலத்திலேதான் தேயிலை தன் உச்சநிலையை அடைந்தது என்பது, வளர்ச்சி வேறு வாழ்வு வேறு என்பதற்கு இதனின் மிக்க சான்று வேண்டாமையைக் காட்டும். வாக்கிழந்தவன் வாசலுக்கு ஆள்வோர் செல்லார். நாடெங்கும் பாய்ந்த வாய்க்கால் மலையிலே நின்றமைக்கு இதுவும் ஒரு காரணமென்க.

உடல்நலமும் உணவும் கூலியின்பாற் பட்டன. நாட்கூலி 1,000 ரூபா வேண்டுமென்பது பல்லாண்டாகத் தொழிலாளர் கேட்ட கோரிக்கை. 2021இலே அது சட்டப்படி கிடைத்தது. அடுத்த ஆண்டே நாடு கடன்கொடுக்க மாட்டாத நிலையடைந்தது. 2022 செப்டம்பரிலே கொழும்பின் விலைவாசி ஓராண்டுக்கு முன்னிருந்ததினும் நூற்றுக்கு 70 அளவு ஏறியிருந்தது. கேட்ட தொகை கைக்கு வந்தபோது அதன் வாங்கும் வலி போய்விட்டது. 2024இலே கூலி 1,350 ரூபாவாயிற்று. அரசாங்கத்தின் 2019ஆம் ஆண்டுக் கணிப்பிலே நாடு முழுவதிலும் நூற்றுக்கு 14 பேரளவினர் வறியராயிருக்க, தோட்டங்களிலே நூற்றுக்கு 34 பேரளவினர் வறியராயிருந்தனர். நெருக்கடி வருமுன்னரே நிலை இது.

இவ்விடத்துச் சிலர் கூறும் தடைகளை எடுத்து விடை கூறுவாம்.

கூலியை உயர்த்தின் தோட்டங்கள் நட்டமுற்று மூடப்படும். உள்ள வேலையும் போம் என்பது முதற்றடை. இதிற் சிறிது உண்மை உண்டு. தேயிலையின் விலை ஏலத்திலே, உலகச் சந்தையின் நிலைக்கேற்ப ஏறியிறங்கும். தோட்டச் செலவிலே பெரும்பங்கு சம்பளமே. ஆயினும், இலாபம் மிக்க காலங்களிலும் இத்தடையே கூறப்பட்டது. அக்காலங்களிலும் லயன்கள் புதுக்கப்படவில்லை. அன்றியும், இன்று இலங்கைத் தேயிலையிற் பெரும்பகுதி வருவது பெருந்தோட்டங்களினின்றன்று. காலி, மாத்தறை, இரத்தினபுரி முதலிய இடங்களிலே தம் சிறு நிலத்திற் பயிர்செய்யும் குடிமக்களிடமிருந்தேயாம். அவர்களும் அதே ஏலத்தின் விலைக்கே கட்டுப்பட்டவர். ஆகவே தேயிலை வாழவேண்டின் தொழிலாளி தாழவேண்டும் என்பது தேயிலைச் செடியின் இயல்பன்று; நிலமில்லாதவனை நாட்கூலியால் மட்டும் பிணித்துவைத்த அமைப்பின் இயல்பாம். அமைப்பை மாற்றுதல் மனிதர் கையிலுள்ளது.

முதலிற் செல்வத்தைப் பெருக்குவோம். பின்னர்ப் பங்கிடுவோம் என்பது இரண்டாந்தடை. பின்னர் என்பது எத்துணைக் காலம்? 1867இலிருந்து எண்ணின் ஒன்றரை நூற்றாண்டு கழிந்தது. ஐந்து வயதினுள் உண்ணவேண்டிய உணவை ஐம்பது வயதிலே கொடுத்துக் கடன் தீர்த்தல் இயலாது. பள்ளிப்பருவத்திலே இழந்த கல்வியை அவன் பேரனுக்குக் கொடுக்கலாம்; அவனுக்குக் கொடுக்கலாகாது. பொருள் காத்திருக்கும், வாழ்நாள் காத்திராது. காத்திருக்க இயலாததைக் காத்திருக்கச் செய்தலே இத்தடையின் குற்றம்.

செல்வம் நிலையாதது, உள்ளது போதுமென்று அமைதலே அறம், ஆதலின் தொழிலாளருக்கு இவ்வேட்கை எதற்கு என்பது மூன்றாந்தடை. சமய நூல் கற்றாருட் சிலரும் இதனைக் கூறக் கேட்டுளோம். போதுமென்ற மனம் பெரும்பேறே. ஆயின் அது தனக்குத் தானே விதித்துக்கொள்ளும் நோன்பு. பிறன் பசிக்கு மருந்தாக விதிக்கத்தக்கதன்று. தான் விரதமிருத்தல் தவம். பிறனைப் பட்டினியிட்டு அதனை விரதமென்றல் பாவம். மேலும், செல்வத்தையே வெறுத்தல் வேண்டுமென்பார் 2022ஆம் ஆண்டை நினைப்பாராக. அரசாங்கத்திடம் அந்நியச் செலாவணி இல்லாதொழிந்தபோது வைத்தியசாலைகளில் மருந்து தட்டுப்பட்டது. எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்காக நிரையில் நின்றனர். குளம் வற்றின் வாய்க்கால் மட்டும் யாது செய்யும்? ஆகவே யாம் செல்வப் பெருக்கத்தை இகழ்கின்றிலேம். அதனை முடிவாகக் கொள்ளாது வழியாகக் கொள்க என்கின்றேம்.

இனி நம்மவர்க்கு ஒரு வார்த்தை. வடபகுதியிலிருந்து மலைநாட்டுக்குச் சென்றோர் பலர். கிளாக்கராய், ஆசிரியராய், கடைக்காரராய் வாழ்ந்து பொருளீட்டி ஊரிலே கல்வீடு கட்டினர். லயன் காம்பராக்களைக் கண்ணாற் கண்டவர்கள் அவர்கள். அத்தொழிலாளரின் உரிமை பறிபோன காலத்திலே நம் பிரதிநிதிகள் யாவரும் ஒருநிலையில் நின்றிலர். அப்பிளவின் வழியேதான் 1949இலே புதியதொரு கட்சியும் தோன்றிற்று. மொழியால் ஒன்றானவரையும் தொழிலால் வேறாக நோக்கும் பழக்கம் நம்மிடத்து இருந்தது. முற்றும் ஒழிந்ததென்று கூற எம் நா எழவில்லை. பிறர் குற்றம் கூறுமுன் நம் வாசலைக் கூட்டுதல் முறை.

அவ்வாறாயின் நாட்டின் வளர்ச்சியை அளக்கும் கோல் யாது? தொகையை எண்ணுதலை நிறுத்தவேண்டுவதில்லை. அத்தொகையோடு நான்கு வினாக்களைச் சேர்த்து வினாவுக. இவ்வாண்டு பெருகிய செல்வத்தால், அதனை ஆக்கிய கடைநிலைத் தொழிலாளியின் பிள்ளை சென்ற ஆண்டினும் நன்றாக உண்டதா? அவன் வீட்டுக் கூரை ஒழுகாதிருந்ததா, அவ்வீடு அவனதா? அவன் மனைவிக்கு மாலையிலே ஒரு நாழிகையாயினும் தனதென்னும் பொழுது கிடைத்ததா? அவனை ஒரு காரியாலயத்திலே பெயர்சொல்லி அழைத்து இருக்கை கொடுத்தனரா? நான்கிற்கும் ஆமென்று விடை வருமாயின் நாடு வளர்ந்தது. இல்லையென்று விடை வருமாயின், வளர்ந்தது கணக்கேடு மாத்திரமே.

செல்வத்தை ஆக்குதல் தொழிலாளியின் கையிலுள்ளது. அதனை வாழ்வாக மாற்றுதல் அவனொருவன் கையிலில்லை. ஆள்வோர், உடையோர், கற்றோர், தேநீர் அருந்துவோர் யாவர்க்கும் அதிற் பங்குண்டு. காலையிலே கோப்பையைக் கையிலெடுக்கும் ஒவ்வொருவரும், இதன் விலையைக் கடையிலே கொடுத்துவிட்டோம், இதன் கடனைக் கொடுத்தோமா என்று ஒருமுறை தம்மைத் தாமே வினாவுவாராயின், வாய்க்கால் வெட்டுதற்கு முதல் மண்வெட்டி விழுந்ததாகும் என்பது எமது துணிபு.